வீட்டிலே படிக்கும் பிள்ளைக்கு எந்தத் தர்க்கப் பாடம்?



பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தாயிடம் வந்து நிற்கிறான். "அம்மா, எல்லாரும் பார்க்கிற படத்தை நான் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது?" என்று கேட்கிறான்.

"எல்லாரும் கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயோ?" என்கிறாள் தாய்.

பையன் சற்று யோசிக்கிறான். "கிணற்றில் குதிப்பதும் படம் பார்ப்பதும் ஒன்றா, அம்மா?"

தாய்க்குப் பதில் வரவில்லை. "எதிர்த்துப் பேசாதே, போய்ப் படி" என்று அனுப்பிவிடுகிறாள்.

இந்தச் சிறு வழக்கில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது ஒரு காரியம் நல்லது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அதை உடைக்கத் தாயின் கிணற்று உவமை போதும். ஆனால் அந்தப் படம் கெட்டது என்று நிரூபிக்க அது போதாது. பையன் அந்த ஓட்டையைத்தான் கண்டுபிடித்தான். அவன் எதிர்த்துப் பேசினானா, யோசித்துப் பேசினானா என்பதே நமது இன்றைய பாடம்.

1. இந்தக் கேள்வி எழும் இடம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலாக உண்டு. 2016-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கக் கணக்கின்படி ஏறக்குறைய 17 லட்சம் பிள்ளைகள் இவ்வாறு படித்தார்கள். 1993-க்குள் எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சட்டம் எங்கும் ஒரே மாதிரி இல்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில் பெற்றோர் அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்திலோ ஆண்டுத் திட்டத்தையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையையும் கொடுக்க வேண்டும்.

பிள்ளையின் கல்வியில் பெற்றோருக்குள்ள உரிமையைப் பற்றி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1925-ல் ஒரு பெரிய தீர்ப்பு அளித்தது. ஒரெகன் மாநிலம் எல்லாப் பிள்ளைகளும் அரசாங்கப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று சட்டம் செய்தபோது, அதை எதிர்த்து வழக்காடியவர்களுள் ஒருவர் கத்தோலிக்க கன்னியர் சபையார். பிள்ளை அரசாங்கத்தின் சிருஷ்டி அல்ல என்ற கருத்தில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அவர்கள் வழக்காடியது தங்கள் பள்ளிக்காகவே. ஆனால் வீட்டில் கற்பிக்கும் பெற்றோரும் இன்றுவரை அந்தத் தீர்ப்பை நன்றியோடு நினைக்கிறார்கள்.

அந்நாட்டில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை நடுநிலைப்பள்ளி என்பார்கள். பிள்ளைக்கு அப்போது 11 முதல் 14 வயது. அந்த வயது வந்ததும் வீட்டில் கற்பிக்கும் தாய்மாரிடையே ஒரு கேள்வி எழுகிறது: "பிள்ளைக்குத் தர்க்கம் கற்பிக்க வேண்டுமாமே, எந்தப் புத்தகத்தை வாங்குவது?" நமது குடும்பங்களில் சிலருக்கு மகனோ மகளோ அந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரான கேள்வி. மற்றவர்களுக்கும் பிரயோசனம் உண்டு. வளர்ந்துவரும் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்பது எந்த நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவான கவலை அல்லவா?

இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் ஓர் ஆங்கில மாது. துப்பறியும் கதைகள் எழுதிப் பெயர் பெற்ற டாரதி சேயர்ஸ் 1947-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு பிரசங்கம் செய்தார். பழைய ஐரோப்பியப் பள்ளிகளில் இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை என்ற மூன்றும் கல்விக்கு அஸ்திவாரமாக இருந்தன. அந்த மூன்றும் பிள்ளை வளரும் மூன்று பருவங்களுக்குப் பொருந்துகின்றன என்றார் அவர். சிறு பிள்ளை கிளிபோல் மனப்பாடம் செய்யும். பன்னிரண்டை நெருங்கினால் மறுத்துப் பேசும். பெரியவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்துப் பிடிக்கும். அந்தத் துடுக்கைத் தண்டித்து அடக்குவதைவிட, வேலை கொடுத்துப் பழக்குவது மேல் என்பது அவருடைய யோசனை. 1999-ல் ஜெஸ்ஸி வைஸ் என்ற தாயும் சூசன் வைஸ் பவர் என்ற மகளும் சேர்ந்து வீட்டுக் கல்விக்கு ஒரு பெரிய கைநூல் வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள காலத்துக்குத் "தர்க்கப் பருவம்" என்றே அதில் பெயர் கொடுத்தார்கள். அதன்பின் இந்தக் கேள்வி வீடுதோறும் எழுந்தது.

2. தர்க்கம் என்றால் என்ன?

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இரண்டு நியாயங்களைப் பாருங்கள்.

முதலாவது: மீன்களெல்லாம் தண்ணீரில் வாழும். திமிங்கலம் தண்ணீரில் வாழும். ஆகவே திமிங்கலம் ஒரு மீன்.

இரண்டாவது: தண்ணீரில் வாழ்வனவெல்லாம் மீன்கள். திமிங்கலம் தண்ணீரில் வாழும். ஆகவே திமிங்கலம் ஒரு மீன்.

இரண்டிலும் முடிவு பொய். திமிங்கலம் மூச்சுவிட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும்; அது மீன் அல்ல. ஆனால் இரண்டும் ஒரே விதமாகத் தவறவில்லை. முதல் நியாயத்தில் முன்வாக்கியங்கள் இரண்டும் உண்மை. கோணல் அவற்றைக் கோத்த விதத்தில் இருக்கிறது. மீன் தண்ணீரில் வாழும் என்றால், தண்ணீரில் வாழ்வதெல்லாம் மீன் என்று ஆகாது. இரண்டாவது நியாயத்தில் கோத்த விதம் பழுதற்றது. அதன் முதல் வாக்கியமே பொய்.

கோத்த விதத்தை மட்டும் ஆராய்வது முறைத் தர்க்கம். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இதற்கு இலக்கணம் வகுத்தார். பேச்சிலும் பத்திரிகையிலும் விளம்பரத்திலும் மனிதர் சாதாரணமாகச் செய்யும் பிழைகளைக் கண்டுபிடித்துப் பெயரிடுவது மற்றொரு பகுதி. இப்பிழைகளைப் போலி நியாயங்கள் என்று சொல்லலாம். இது நமக்குப் புதிய பொருள் அல்ல. மணிமேகலையின் 29-ஆம் காதை, மெய்போல் தோன்றும் பொய்க் காரணத்துக்கு "ஏதுப்போலி" என்று பெயரிட்டு வகைப்படுத்திக் காட்டுகிறது.

பிள்ளைக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது என்றால், இவ்விரு பகுதிகளில் எதை முந்தி, எதைப் பிந்தி என்று தீர்மானிப்பதே முக்கியமான காரியம்.

3. நாலு சீட்டுச் சோதனை

இதற்கு உதவும் சோதனை ஒன்று உண்டு. இன்று மாலை வீட்டிலேயே செய்து பாருங்கள். நாலு சீட்டுகளை மேசைமேல் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவன: அ, க, 4, 7. விதி இது: "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்." இந்த விதி மெய்யா என்று அறிய எந்தெந்தச் சீட்டுகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்?

அநேகர் "அ, 4" என்பார்கள். சரியான விடை "அ, 7". நாலின் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. இரட்டைப்படை எண் உயிரெழுத்துக்கு மட்டும் சொந்தம் என்று விதி சொல்லவில்லையே. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தாலோ விதி பொய்யாகிவிடும். ஆங்கில எழுத்துகளைக் கொண்டு இச்சோதனையை 1966-ல் வெளியிட்டவர் பீட்டர் வேசன் என்ற ஆங்கில மனோதத்துவ நிபுணர். படித்த பெரியவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இதில் தேறுவது அபூர்வம்.

1982-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் இதே சோதனையை வேறு உடையில் கொடுத்தார்கள். "பீர் குடிப்பவருக்கு 19 வயது கடந்திருக்க வேண்டும்" என்பது விதி. நாலு சீட்டுகள்: பீர் குடிப்பவர், குளிர்பானம் குடிப்பவர், 22 வயதுக்காரர், 16 வயதுக்காரர். யாரைச் சோதிக்க வேண்டும்? பீர் குடிப்பவரின் வயதையும், 16 வயதுக்காரரின் கோப்பையையும். இதை நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். தர்க்கம் மாறவில்லை, பொருள்தான் மாறிற்று. தெரிந்த உலகத்தில் புத்தி ஓடுகிறது. தெரியாத குறிகளில் தடுக்கி விழுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1986-ல் பாட்ரிசியா செங் என்பவரும் துணைவரும் ஒரு பருவம் முழுவதும் கல்லூரியில் தர்க்கப் பாடம் கேட்ட மாணவர்களைச் சோதித்தார்கள். நாலு சீட்டு மாதிரியான கணக்குகளில் அவர்கள் ஏறக்குறைய ஒன்றும் முன்னேறவில்லை. விதியை உதாரணத்தோடு சேர்த்துப் பழக்கியபோதுதான் பலன் தெரிந்தது.

கல்லூரி மாணவருக்கே இப்படி என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? குறிகளும் சூத்திரங்களும் நிறைந்த பெரிய புத்தகத்தை முதலில் கையில் கொடுப்பது வீண் செலவு. பிள்ளைக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும். சேசு சபையார் 1599-ல் தங்கள் கல்லூரிகளுக்கு வகுத்த திட்டத்திலும் இந்த விவேகம் உண்டு. இலக்கணம், இலக்கியம், பேச்சுக்கலை ஆகியவற்றை முடித்த பிறகே முறைத் தர்க்கம் வந்தது. தத்துவ வகுப்பின் முதலாண்டுப் பாடமாக அதை வைத்தார்கள்.

4. ஏறவேண்டிய மூன்று படிகள்

முதற்படி: புதிர்கள். பத்து, பதினோரு வயதில் இது போதும். ஓர் உதாரணம்: மேரி, சூசை, அந்தோனி மூவரிடமும் ஒவ்வொரு பொருள் இருக்கிறது. பொருள்கள் பந்து, பேனா, புத்தகம். பந்து வைத்திருப்பவன் ஓர் ஆண்பிள்ளை. சூசையிடம் பந்தும் இல்லை, பேனாவும் இல்லை. யாரிடம் எது?

கட்டம் போட்டு, இல்லாததை அடித்துக்கொண்டு வந்தால் விடை தானே வரும். சூசையிடம் புத்தகம், மேரியிடம் பேனா, அந்தோனியிடம் பந்து. "இது இல்லை, ஆகவே அது" என்று பிள்ளை சொல்லும்போது தர்க்கம் தொடங்கிவிட்டது. அனிட்டா ஹார்னடெக் என்பவர் எழுதிய "மைண்ட் பெண்டர்ஸ்" என்ற புதிர் வரிசை அமெரிக்க வீட்டுப்பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. எளிதானவற்றில் தொடங்கிக் கடினமானவற்றுக்குப் போவதால், தாய் கூடவே இருந்து கற்பிக்க வேண்டிய பாரம் குறைவு.

இரண்டாம்படி: போலி நியாயங்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு இது மிகவும் ஏற்றது. தவறு கண்டுபிடிப்பதில் அந்த வயதுக்கு இயல்பாகவே ருசி உண்டு. புளூடார்ன் என்னும் குடும்பப் பெயருள்ள சகோதரர் இருவர், தாங்களும் வீட்டில் படித்து வளர்ந்தவர்கள், "ஃபாலஸி டிடெக்டிவ்" என்ற நூலை எழுதினார்கள். ஆரம்பத்தில் 36 பாடங்கள். பிந்திய பதிப்பில் 38. பாடங்கள் சிறியவை, வேடிக்கையானவை. ஒவ்வொன்றின் முடிவிலும் அப்பியாசங்கள் உண்டு. "ஆர்ட் ஆஃப் ஆர்கியூமெண்ட்" என்பது மற்றொரு நூல். அது 28 போலி நியாயங்களை எடுத்து, பொருளுக்குச் சம்பந்தம் இல்லாதவை, மறைவான ஊகத்தில் நிற்பவை, சொல் தெளிவில்லாதவை என்று பிரித்துக் கற்பிக்கிறது. முந்தியதைவிடச் சற்றுக் கனமானது. வகுப்பாகச் சேர்ந்து படிக்க நல்லது.

மூன்றாம்படி: முறைத் தர்க்கம். எட்டாம் வகுப்பில் தொடங்கலாம். ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளினாலும் நஷ்டமில்லை. மார்ட்டின் கோத்ரன் எழுதிய "டிரெடிஷனல் லாஜிக்" அரிஸ்டாட்டில் வழியில் போகிறது. மத்திய காலத்து மாணவர்கள் நியாய வடிவங்களை நினைவில் வைக்க "பார்பரா, செலாரெந்த்" என்று பெயர்களை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பெயர்களை இந்த நூலிலும் காணலாம். அமைதியாக உட்கார்ந்து, இலக்கணம் பிடித்துப் படிக்கும் பிள்ளைக்கு இது இன்பமாக இருக்கும். ஓரிடத்தில் நிற்காத பிள்ளைக்கு ஒரு வருஷம் பொறுத்துக் கொடுங்கள்.

செலவில்லாத வழியும் உண்டு. ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியர். சிறுமியர் பள்ளியிலும் தர்க்கம் கற்பித்தவர். 1880களில் அவர் "தர்க்க விளையாட்டு" என்ற சிறு நூலை வெளியிட்டார். ஒரு கட்டப் பலகை, நாலு சிவப்புக் காய், ஐந்து சாம்பல் நிறக் காய். "இங்கே ஏதோ உண்டு" என்றால் சிவப்பு. "இங்கே ஒன்றுமில்லை" என்றால் சாம்பல். இவ்வளவைக் கொண்டே நியாயங்களைச் சோதித்துவிடலாம். அட்டையும் பொத்தான்களும் வீட்டில் இருக்கின்றன. நூலின் உரிமைக் காலமும் முடிந்துவிட்டபடியால் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

தர்க்கம் என்ற பெயரில் பாடமே வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் வடிவ கணிதத்தைச் சிரத்தையாகக் கற்பிக்கட்டும். ஆபிரகாம் லிங்கன் பள்ளியில் படித்த காலம் எல்லாம் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகாது என்று அவரே எழுதியிருக்கிறார். காங்கிரஸ் அங்கத்தினராக இருந்த பிறகு, நடுவயதில், யூக்ளிடின் ஆறு புத்தகங்களைத் தாமாகவே படித்து ஏறக்குறையக் கைவசப்படுத்திக்கொண்டதாகவும் 1860-ல் எழுதினார். நிரூபிப்பது என்றால் என்ன என்று பிள்ளைக்குத் தெரிவதே காரியம். எந்த வாசல் வழியாகத் தெரிந்தாலும் சரிதான்.

5. வாங்குமுன் கேட்கவேண்டியவை

(அ) பிள்ளை சரளமாக வாசிக்கிறதா? வாசிப்பில் திணறும் பிள்ளைக்குப் புதிரும் பேச்சும் போதும். தர்க்கம் சட்டம் கேட்கும் கட்டாயப் பாடம் அல்ல. ஒரு வருஷம் காத்திருக்கலாம்.

(ஆ) விடைப் புத்தகம் இருக்கிறதா? தாய் தகப்பன் தர்க்கம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் விடை சரியா என்பதோடு, ஏன் சரி என்பதையும் விளக்கும் கைநூல் அவசியம் வேண்டும்.

(இ) உதாரணங்கள் யார் பக்கம் சாய்ந்திருக்கின்றன? இந்நூல்களில் சில ஒரு சபைக் கொள்கையையோ அரசியல் சாய்வையோ உடைய ஆசிரியரால் எழுதப்பட்டவை. பிழை செய்பவன் எப்போதும் எதிர்க்கட்சிக்காரனாகவே இருந்தால், பிள்ளை தர்க்கத்தோடு தப்பெண்ணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். நாலைந்து பாடங்களை நீங்கள் முந்தி வாசித்துவிடுங்கள். சாய்வு தெரிந்தால், அதையே பிள்ளைக்கு ஒரு பாடமாக்கலாம்.

(ஈ) யாரோடு படிக்கும்? தர்க்கம் தனியாக உட்கார்ந்து கட்டம் நிரப்பும் பாடம் அல்ல. அக்கம்பக்கத்து வீட்டுப்பள்ளிக் குடும்பங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் உத்தமம். இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசை போதும்.

(உ) உங்களுக்கு நேரம் இருக்கிறதா? வாரத்துக்கு இரண்டு நாள், அரை அரை மணி. ஒரு நாள் பாடம். மற்றொரு நாள் அந்த வாரம் கேட்ட பேச்சிலும் கண்ட விளம்பரத்திலும் அதே பிழையைத் தேடுவது. ஒரு வாரத்துக்கு ஒரு பிழைக்குமேல் வேண்டாம்.

6. தர்க்கம் கற்ற பிள்ளையின் நோய்

இப்போது பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். போலி நியாயங்களின் பெயர்களைக் கற்ற பிள்ளை, கையில் சுத்தி கிடைத்த பையனைப்போல் கண்டதையெல்லாம் தட்டிப் பார்க்கும். தங்கை அழுதால் "இது இரக்கத்தைக் கிளப்பும் போலி நியாயம்" என்கும். பாட்டி பேசினால் "இதற்கு அத்தாட்சி என்ன?" என்கும். ஆறு மாதத்தில் வீட்டில் யாரும் அந்தப் பிள்ளையோடு பேச விரும்பமாட்டார்கள். இது தர்க்கத்தின் குற்றம் அல்ல. பாதியில் நிறுத்திய தர்க்கத்தின் குற்றம்.

இதற்கு மூன்று மருந்துகள் உண்டு.

முதலாவது, பிழையான நியாயத்தால் சொல்லப்பட்டது என்பதற்காக முடிவு பொய்யாகிவிடாது என்று கற்பியுங்கள். புகைபிடிக்கும் தகப்பன், "புகை பிடிக்காதே, நெஞ்சுக்குக் கெடுதி" என்கிறார். மகன், "நீங்களே பிடிக்கிறீர்களே, அப்பா" என்கிறான். தகப்பனுக்கு வெட்கம்தான். ஆனால் புகை கெடுதி என்பது அதனால் பொய்யாகுமா? ஆளைக் குறைசொல்லி விஷயத்திலிருந்து தப்பிக்கொள்வதும் ஒரு போலி நியாயமே.

இரண்டாவது, மறுக்குமுன் எதிராளியின் நியாயத்தை அவரே "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லப் பழக்குங்கள். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் ஒவ்வொரு கேள்வியையும் அப்படித்தான் நடத்தினார். முதலில் தமக்கு எதிரான ஆட்சேபங்களை வரிசையாக வைப்பார். அதன் பிறகே தம் பதிலைச் சொல்வார். கடைசியில் ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் திரும்பி வந்து விடையளிப்பார். எதிராளியைக் கேலிப் பொம்மையாக்கி அடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த மாதிரி வேண்டுமா?

மூன்றாவது, பிழை தேடும் பயிற்சியைத் தன்னிடத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவரும் "இந்த வாரம் நான் செய்த தப்பான நியாயம்" ஒன்றைச் சொல்லட்டும். "புதுச் சட்டை போட்ட அன்று பரீட்சையில் மார்க்கு வந்தது, ஆகவே சட்டைக்கு ராசி என்று நினைத்தேன்" என்று மகள் சொல்லுவாள். எல்லாரும் சிரிக்கலாம்.

7. பெற்றோருக்குரிய பாடம்

அந்த வாராந்தர வட்டத்தில் தாய் தகப்பனுக்கும் ஒரு முறை வரும். எல்லாப் புத்தகத்தையும்விட அதிகமாகக் கற்பிப்பது இதுதான்.

பெற்றோருக்குக் கட்டளையிட அதிகாரம் உண்டு. "இரவு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசி வேண்டாம். இது என் தீர்மானம்" என்று தகப்பன் சொல்லலாம். அது நேர்மையான பேச்சு. ஆனால் கட்டளைக்கு நியாயத்தின் வேஷம் போடக் கூடாது. "கைப்பேசி பார்த்த பிள்ளை ஒன்றுகூட உருப்பட்டதில்லை" என்று தகப்பன் சொன்னால், அது கட்டளை அல்ல, வாதம். வாதம் என்று வந்துவிட்டால், "ஒன்றுகூட இல்லையா, அப்பா?" என்று கேட்கப் பிள்ளைக்கு உரிமை வந்துவிடும். கேட்ட பிறகு அடக்கினால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? நியாயம் என்பது பலவானின் கையில் உள்ள தடி, வளர்ந்தபின் நானும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் கற்றுக்கொள்ளும்.

அதற்குப் பதிலாக, "நீ சொல்வது சரி. 'ஒன்றுகூட' என்றது மிகை. ஆனாலும் உன் தூக்கம் கெடுகிறதை நான் பார்க்கிறேன், ஆகையால் என் தீர்மானம் மாறவில்லை" என்று தகப்பன் சொன்னால், பிள்ளை இரண்டு காரியம் கற்றுக்கொள்கிறது. பெரியவர்களும் உண்மைக்குத் தலைவணங்குவார்கள் என்பது ஒன்று. ஒரு வாதத்தில் தோற்பது மரியாதையை இழப்பது அல்ல என்பது மற்றொன்று.

நாலைந்து வருஷத்தில் அந்தப் பிள்ளை வீட்டைவிட்டுப் போகும். அங்கே விற்பனைக்காரனும், மேடைப் பேச்சாளனும், தோழனும் தோழியும் ஆயிரம் "ஆகவே" சொல்லுவார்கள். அப்போது பக்கத்தில் அம்மா இருக்கமாட்டாள். "எதிர்த்துப் பேசாதே" என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, அடுத்துக் கட்டளையிடுபவனுக்கும் அப்படியே பணிந்துவிடக் கூடும். ஆராய்ந்து பேசவும், தவறினால் ஒப்புக்கொள்ளவும் வீட்டில் பழகிய பிள்ளைக்கோ நிற்பதற்கு ஒரு தரை இருக்கும்.

ஆகையால், அந்தப் பையனின் தாய்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: முதலில் புதிர், பிறகு போலி நியாயம், பிறகு முறைத் தர்க்கம். புத்தகம் எதுவானாலும் மேசையில் அவனோடு உட்காருங்கள். மறுமுறை அவன், "கிணறும் படமும் ஒன்றா?" என்று கேட்டால், "ஒன்றல்ல, ஐயா. 'எல்லாரும் பார்க்கிறார்கள்' என்ற காரணம் போதாது என்று காட்டவே அதைச் சொன்னேன். படத்தைப் பற்றி எனக்கு வேறு காரணம் இருக்கிறது, உட்கார், சொல்கிறேன்" என்று பதில் சொல்லுங்கள். தர்க்கத்தின் முதற்பாடம் அங்கேயே நடந்துவிடும்.

வீட்டில் சேர்ந்து யோசிக்க

1. "மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது." இதில் கோணல் எங்கே? தெரு நனைய வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்?

2. மேலே சொன்ன இரண்டு திமிங்கல நியாயங்களைப்போல், பொருள் மாற்றி நீங்களே இரண்டு செய்யுங்கள். ஒன்றில் கோத்த விதம் தவறாக இருக்கட்டும். மற்றதில் முன்வாக்கியம் பொய்யாக இருக்கட்டும்.

3. இந்த வாரம் பார்த்த விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது "ஆகவே வாங்குங்கள்" என்று சொல்வதற்கு முன் என்ன காரணம் காட்டுகிறது? அந்தக் காரணம் போதுமா?

4. நாலு சீட்டுச் சோதனையைத் தாத்தா பாட்டி முதல் எல்லாரிடமும் செய்து பாருங்கள். தவறியவரைக் கேலி செய்யாமல், சரியான விடையை விளக்கத் தெரிந்த பிள்ளைக்கே வெற்றி.